கிட்டார் ரெக்கார்டிங்: மைக் வாங்கறதுக்கு முன்னாடி ரூமைத் தேர்ந்தெடுங்க

[இது ஆடியோ எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா, பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கேன். ஒலித்துணுக்கு வர்ற இடங்களைச் சதுர அடைப்புக்குள்ள குறிச்சிருக்கேன்.]

பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு க்ளிப் போடறேன். ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க.

[முதல் க்ளிப்: ஏ மைனர் கார்டு, 8 நொடி]

[இரண்டாவது க்ளிப்: அதே ஏ மைனர் கார்டு, 8 நொடி]

முதல் க்ளிப்ல கிட்டார் ஏதோ காலியான கல்யாண மண்டபத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கா? ரெண்டாவதுல யாரோ உங்க பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கற மாதிரி இருக்கா? ரெண்டும் ஒரே கிட்டார், ஒரே மைக், ஒரே செட்டிங். வாசிச்சதும் ஒரே ஆள்தான். முதல் க்ளிப் எங்க வீட்டுச் சின்ன ரூம்ல எடுத்தது. ரெண்டாவது, அதுக்கு எதிர்ல இருக்கற அப்பா அம்மா பெட்ரூம்ல எடுத்தது. நடுவுல இருக்கறது ஒரு சின்ன நடைதான்.

அந்த நடையைத் தாண்ட எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அந்தக் கதையும், அதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கும்தான் இன்னைக்கு எபிசோட்.

எதுக்காக ஆரம்பிச்சேன்

எங்க அப்பா 80கள்ல திருச்சியில ஒரு மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிச்சவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழான்னு மேடை மேடையா போயிருக்கார். வேலை, கல்யாணம், குழந்தைங்கன்னு ஆனதும் அது நின்னுடுச்சு. அவர் வாசிச்சது ஒரு நிமிஷம்கூட எங்ககிட்ட பதிவா இல்லை. ஒரே ஒரு போட்டோ இருக்கு. அதுலயும் பாதி முகம் மைக் ஸ்டாண்டுக்குப் பின்னாடி.

இப்ப அவருக்கு 64 வயசு. விரல் மூட்டுல வலி. நல்ல நாள்ல 15 நிமிஷம் வாசிப்பார். அப்புறம் விரலை நீவிக்கிட்டே கிட்டாரைக் கீழ வெச்சுடுவார். இந்த வலி போகப் போகக் கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால போன வருஷம், முடியறப்பவே அவர் வாசிக்கறதைப் பதிவு பண்ணி வெச்சுடணும்னு முடிவு பண்ணினேன்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. பிரச்சனைன்னா முதல்ல ஆன்லைன்ல போய் எதையாவது வாங்குவேன். கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்டாண்ட், அப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி அளவுல 24 ஃபோம் துண்டு. மொத்தம் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல. எல்லாத்தையும் சின்ன ரூம்ல செட் பண்ணினேன். ஏன் சின்ன ரூம்? அது காலியா இருந்துச்சு. ஸ்டுடியோன்னா தனியா, காலியா ஒரு ரூம்னு என் மனசுல ஒரு படம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா 40 நிமிஷம் வாசிச்சார். நடுநடுவுல விரலை உதறிக்கிட்டே 7 டேக். போட்டுக் கேட்டா, நீங்க முதல் க்ளிப்ல கேட்டதுதான். கார்டு மாத்தற இடமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வழிஞ்சு கலங்கிப் போயிருந்துச்சு. பேஸ்ல ஒரு நோட்டு மட்டும் "கும்"முனு முட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்பா ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு, "விடுறா. இனிமே எனக்குக் கை வராது போல"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

கை நல்லாத்தான் வந்துச்சு. தப்பு நான் தேர்ந்தெடுத்த ரூம்ல. ஆனா அன்னைக்கு அதை அவருக்குச் சொல்ல எனக்கே தெரியல.

மைக் என்ன கேட்குது

கிட்டார்ல இருந்து சத்தம் எல்லாத் திசையிலயும் போகும். அதுல ஒரு பங்கு நேரா மைக்குக்கு வரும். மீதி சுவர், தரை, சீலிங்ல பட்டுப் பட்டுத் திரும்பி வரும். நம்ம ஊர் சூட்டுல சத்தம் நொடிக்கு சுமார் 349 மீட்டர் போகும். 10 அடி ரூம்ல அது ஒரு நொடிக்குள்ள நூறு தடவைக்கு மேல எங்கேயாவது மோதிடும். ஒவ்வொரு மோதல்லயும் சுவர் கொஞ்சம் சத்தத்தை எடுத்துக்கும். சிமெண்ட் பூசின சுவரும் டைல்ஸும் எடுத்துக்கறது 100ல 2, 3 பங்குதான். மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிடும்.

"ஆனா ரூம்ல நேர்ல வாசிக்கும்போது நல்லாத்தானே இருக்கு?" இதைத்தான் நானும் கேட்டேன். நேர்ல கேட்கும்போது நமக்கு ரெண்டு காது இருக்கு, பின்னாடி ஒரு மூளை இருக்கு. முதல்ல வந்த சத்தம் எந்தத் திசையில இருந்து வந்துச்சுன்னு பிடிச்சுக்கிட்டு, பின்னால வர்ற எதிரொலியை மூளை ஓரளவுக்கு ஒதுக்கி வெச்சுடும். ஒத்தை மைக்குக்கு அந்த வசதி கிடையாது. வந்தது எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டி ஒரே வேவ்ஃபார்மா எழுதி வெச்சுடும். அதுல இருந்து அப்புறமா ரூமை மட்டும் பிரிச்சு எடுக்கறது, போட்ட காபியில இருந்து பாலை மட்டும் திரும்ப எடுக்கற மாதிரி. எக்கோ நீக்கற சாஃப்ட்வேர் இருக்கு, பேச்சுக்கு ஓரளவு உதவும். கிட்டார்ல ஸ்ட்ரிங்ஸே நீண்டு ஒலிச்சு மெதுவா அடங்கும். எது ஸ்ட்ரிங் அடங்கறது, எது ரூம் அடங்கறதுன்னு சாஃப்ட்வேருக்குப் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ரெண்டையும் சேர்த்துக் கடிச்சுடும்.

மாறா, எக்கோ கம்மியா ரெக்கார்ட் பண்ணிட்டா, வேணும்ங்கற அளவுக்கு ரிவெர்ப் அப்புறம் சேர்த்துக்கலாம். சேர்க்க முடியும், எடுக்க முடியாது. ரூம் தேர்ந்தெடுக்கறதுல இதுதான் முதல் விதி.

ராத்திரி மெத்தை தூக்கின ப்ரொஃபசர்

இந்த விஷயத்தை முதன்முதல்ல ஒழுங்கா அளந்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்டு யூனிவர்சிட்டியில பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தவர். 1895ல, அவருக்கு 27 வயசு இருக்கும்போது, அங்க ஃபாக் ஆர்ட் மியூசியத்துல புதுசா கட்டின லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் யாருக்கும் புரியல. பேசின வார்த்தை 5 நொடிக்கும் மேல ஹாலுக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. இதைச் சரிபண்ணச் சொல்லி சபைன்கிட்ட கொடுத்தாங்க.

அவர் என்ன பண்ணினார்னா, பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டர்ல இருந்து சீட் மெத்தைகளைக் கொண்டுவந்து அந்த ஹால்ல போட்டார். ஒரு ஆர்கன் பைப்பை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் காதுக்குக் கேட்காமப் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தார். இன்னும் கொஞ்சம் மெத்தை, திரும்பவும் அளவு. வெளிச்சத்தம் இல்லாம இருக்கணும்னு இதெல்லாம் ராத்திரியில. தான் போட்டிருக்கற டிரெஸ்கூட சத்தத்தை உறிஞ்சி அளவை மாத்துதுன்னு கண்டுபிடிச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரே டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டார். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தணும்ங்கற நம்ம டீபக்கிங் விதி, அப்பவே இருந்திருக்கு.

கடைசியில அவருக்குக் கிடைச்ச விதி ரொம்ப எளிமையானது. ஒரு ரூம்ல சத்தம் அடங்க ஆகற நேரம், ரூமோட கொள்ளளவுக்கு ஏத்த மாதிரி கூடும். உள்ள இருக்கற உறிஞ்சும் பொருளுக்கு ஏத்த மாதிரி குறையும். கொள்ளளவைக் கன மீட்டர்ல எடுத்து, 0.161ஆல பெருக்கி, மொத்த உறிஞ்சலால வகுத்தா நொடிக் கணக்கு வந்துடும். 1900ல திறந்த பாஸ்டன் சிம்பனி ஹாலுக்கு அவரோட ஆலோசனையை வெச்சுத்தான் கணக்குப் போட்டாங்க.

எங்க வீட்டுக் கணக்கு

இப்ப இதை எங்க 2 பிஹெச்கே வாடகை வீட்டுல போட்டுப் பார்க்கலாம். சின்ன ரூம் 10க்கு 10, சீலிங்கும் கிட்டத்தட்ட 10 அடி. உள்ள ஒரு டேபிள், ஒரு நாற்காலி. சபைன் கணக்குப்படி சத்தம் அடங்க சுமார் 2 நொடி. அப்பா அம்மா பெட்ரூம் 13க்கு 11. அது பெரிசு, அதனால எக்கோ கூடத்தானே இருக்கணும்? ஆனா உள்ள இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டில், துணி நிறைஞ்ச பீரோ, கனமான திரைச்சீலை, லாஃப்ட்ல ரெண்டு கம்பளி மூட்டை. சுமார் அரை நொடியில அடங்கிடுது.

இந்த 2 நொடியும் அரை நொடியும் ஏன் முக்கியம்னா, மைக் எங்க நிக்கலாம்ங்கறதை இதுதான் முடிவு பண்ணுது. இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கோங்க.

கிட்டாருக்கு மிகக் கிட்ட போனா நேர் சத்தம் அதிகம், தள்ளிப் போனா ரூம் சத்தம் அதிகம். நடுவுல ஒரு தூரத்துல ரெண்டும் சமமா இருக்கும். சின்ன ரூம்ல அந்தத் தூரம் கணக்குப்படி சுமார் 21 செ.மீ. பெட்ரூம்ல சுமார் 50 செ.மீ.

இன்னொரு பக்கம், கிட்டாரோட சத்தம் ஒரு புள்ளியில இருந்து வர்றதில்லை. முன்பலகை முழுக்க அதிருது, ஓட்டையில இருந்து கனமான பேஸ் வருது, கழுத்துப் பக்கத்துல இருந்து ஸ்ட்ரிங்ஸோட பளபளப்பு வருது. இதெல்லாம் ஒண்ணாக் கலந்து "கிட்டார்"னு கேட்கணும்னா மைக் ஒரு 30 செ.மீ.யாவது தள்ளி நிக்கணும். ரொம்பக் கிட்ட வெச்சா ஒரு மூலை மட்டும்தான் கேட்கும். அதுவும் ஒரு பக்கமா கேட்கற கார்டியாய்டு மைக் கிட்ட போகப் போக பேஸைத் தானே ஏத்திக்கும்.

இப்ப மாட்டிக்கிட்டது புரியுதா? சின்ன ரூம்ல 30 செ.மீ. தள்ளி வெச்சா கிட்டாரை விட ரூம் சத்தம்தான் அதிகம். 15 செ.மீ.க்குக் கிட்ட கொண்டுபோனா பாதி கிட்டார்தான் கேட்கும். அந்த ரூம்ல மைக்குக்குச் சரியான இடமே கிடையாது. நான் அங்க ரெண்டு வாரம் மைக்கை இன்ச் இன்ச்சா நகர்த்திக்கிட்டு இருந்தேன். பெட்ரூம்ல 30ல இருந்து 45 செ.மீ. வரைக்கும் எங்க வெச்சாலும் கிட்டார் கிட்டாராக் கேட்டுச்சு.

10க்கு 10 ஏன் ஆகாது

அந்த "கும்" சத்தத்தையும் பார்த்துடலாம். ரெண்டு எதிரெதிர் சுவருக்கு நடுவுல சில ஃப்ரீக்வென்சி மட்டும் சரியாப் பொருந்தி நின்னு பெருகும். சத்தத்தோட வேகத்தை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா முதல் ஃப்ரீக்வென்சி கிடைக்கும். 10 அடிக்கு அது 57 ஹெர்ட்ஸ். அப்புறம் அதோட மடங்குகள்: 114, 171.

கிட்டாரோட கனமான ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், அதனால 57 நம்மைத் தொடாது. ஆனா 114? ஐந்தாவது ஸ்ட்ரிங்கை அப்படியே மீட்டினா 110 ஹெர்ட்ஸ். முதல் ஃப்ரெட்ல சுமார் 117. ரெண்டுக்கும் நடுவுல வந்து உட்காருது. கூடவே, பெரும்பாலான அகூஸ்டிக் கிட்டார்ல உடம்புக்குள்ள இருக்கற காத்தே 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல அதிரும். அதுவும் சேர்ந்துக்கும். அப்பா வாசிச்சது ஏ மைனர். ஒவ்வொரு தடவையும் பேஸ் ஸ்ட்ரிங்கைத் தொடும்போது ரூம் கூட சேர்ந்து முட்டுச்சு.

நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருந்தா மூணும் அதே 114ல போய் நிக்கும். கனசதுர ரூம் ரெக்கார்டிங்குக்கு மோசம்ங்கறது இதனாலதான். பெட்ரூம்ல 13 அடிக்கு 88, 11 அடிக்கு 104, உயரத்துக்கு 114. அங்கயும் பிரச்சனை இருக்கு, ஆனா மூணா பிரிஞ்சு நிக்குது. எந்த ஒரு நோட்டும் தனியா எகிறாது.

ஃபோம் என்ன ஆச்சு

24 ஃபோம் துண்டு ஒட்டினேன்னு சொன்னேன்ல. 10க்கு 10க்கு 10 ரூம்ல ஆறு பக்கமும் சேர்த்து 600 சதுர அடி. நான் மூடினது 24. நூத்துக்கு நாலு. அதுவும் ஒரு இன்ச் ஃபோம். மெல்லிசான ஃபோம் மேல் ஃப்ரீக்வென்சியை மட்டும்தான் நல்லா பிடிக்கும். 110 ஹெர்ட்ஸோட அலை நீளம் 3 மீட்டருக்கு மேல. அதுக்கு ஒரு இன்ச் ஃபோம் இருக்கறதே தெரியாது. பளபளப்பு கொஞ்சம் போச்சு, "கும்" அப்படியே இருந்துச்சு. முட்டை அட்டை ஒட்டினாலும் இதே கதைதான், அதுல உறிஞ்சல் இன்னும் கம்மி.

இன்னொரு குழப்பம்: ஃபோம் ஒட்டினா வெளிச்சத்தம் உள்ள வராதுன்னு நினைக்கறது. வராமத் தடுக்கறது வேற வேலை. அதுக்கு எடை வேணும், இடுக்கு இல்லாத கதவு, ஜன்னல் வேணும். ஃபோம்ல காத்தே போகும், ஹாரன் சத்தம் போகாதா?

வீட்டைச் சுத்திப் பார்ப்போம்

அப்ப எந்த ரூம்? எங்க வீட்டுல ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணினதைச் சொல்றேன். உங்க வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஹால்: பெரிசு, சோஃபா இருக்கு, நீளம் அகலம் வேற வேற. ஒலிக்கு நல்ல ரூம். ஆனா தெருப்பக்கம் பார்த்தது. ஃபிரிட்ஜ் அங்கதான். கிச்சனுக்குக் கதவு கிடையாது, குக்கர் விசில் நேரா வரும். ராத்திரி 12 மணிக்கு மேல வாசிக்கறவங்களுக்கு இது நல்ல சாய்ஸ். எங்க அப்பா 9.30க்குத் தூங்கிடுவார்.

கிச்சன்: கிரானைட், டைல்ஸ், எவர்சில்வர். சொல்லவே வேணாம்.

பாத்ரூம்: பாடினா எல்லாருமே பாடகர் மாதிரி இருக்கும். அதே காரணத்துக்காகத்தான் வேணாம்ங்கறேன். அந்த எக்கோவை எடுக்க முடியாது. ஈரம் கிட்டார் மரத்துக்கும் ஆகாது.

ஸ்டோர் ரூம்: 4க்கு 5 அடி, பழைய துணி மூட்டை. "சூப்பர், எக்கோவே இல்லை"ன்னு சந்தோஷப்பட்டேன். கேட்டுப் பார்த்தா கிட்டாரைப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு. துணி மேல் ஃப்ரீக்வென்சியை எல்லாம் சாப்பிட்டுடுச்சு. 4 அடிச் சுவர் 143 ஹெர்ட்ஸ்ல நின்னு, நாலாவது ஸ்ட்ரிங்கோட 147ஐ ஊதிப் பெரிசாக்குச்சு. எக்கோ இல்லைங்கறது மட்டும் போதாது, ரூம் பெரிசாவும் இருக்கணும்.

மொட்டை மாடி: சுவரே இல்லை, தரை மட்டும்தான் திருப்பி அனுப்பும். கேட்க அழகா இருந்துச்சு. ஆனா காத்து மைக்ல "புர்ர்"னு அடிக்கும். நாய், வண்டி எல்லாம் கூடவே வரும்.

பெட்ரூம்: பெரிசு, சதுரம் இல்லை, சாமான் நிறைய, வீட்டுக்குப் பின்பக்கம். ரெக்கார்டிங்குக்கு வேணும்ங்கற எல்லாமே அங்க ஏற்கெனவே இருந்துச்சு. "இவ்வளவு சாமான் அடைச்சு வெச்சிருக்கீங்களே"ன்னு அம்மாகிட்ட நான் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! அந்தச் சாமான்தான் கடைசியில காப்பாத்துச்சு.

பெட்ரூம்ல எடுத்தா தரமா வருமான்னு யாராவது கேட்டா ஒரு உதாரணம் சொல்லுங்க. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட "நெப்ராஸ்கா" ஆல்பம். 1982ல வந்தது. நியூ ஜெர்சியில ஒரு வாடகை வீட்டு பெட்ரூம்ல, டியாக் 144 கேசட் ரெக்கார்டர், ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக் வெச்சு, டெமோவா எடுத்தது. பேண்டோட திரும்ப ரெக்கார்ட் பண்ணிப் பார்த்துட்டு, கடைசியில அந்த கேசட்டையே ஆல்பமா வெளியிட்டாங்க.

உங்க வீட்டுல நாலு டெஸ்ட்

போன் மட்டும் போதும். ஒவ்வொரு ரூம்லயும் ஒரே மாதிரி பண்ணுங்க. அப்பத்தான் ஒப்பிட முடியும்.

முதல் டெஸ்ட், அமைதி. ஃபேன், ஏசியை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணுங்க. வால்யூம் ஏத்தி ஹெட்ஃபோன்ல கேளுங்க. இன்வெர்ட்டர் ரீங்காரம், மாடித் தண்ணி மோட்டார், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் வெளிய வரும். இதை ஒரே ரூம்ல வேற வேற நேரத்துலயும் பண்ணுங்க. எங்க பெட்ரூம்ல மோட்டார் ஓடற காலையும் சாயங்காலமும் மோசம். மதியம் 2.30ல இருந்து 3.30 வரைக்கும் தெருவே தூங்குது. ரூம் தேர்ந்தெடுக்கும்போது நேரத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கணும்.

ரெண்டாவது, கைதட்டு. நடு ரூம்ல நின்னு ஒரே ஒரு தடவை பலமாத் தட்டுங்க.

[சின்ன ரூமில் கைதட்டும் ஒலி]

[பெட்ரூமில் கைதட்டும் ஒலி]

முதல்ல தட்டினதுக்கு அப்புறம் "ட்ர்ர்ர்"னு ஒரு வால் வந்துச்சுல்ல? ரெண்டு வெறும் சுவருக்கு நடுவுல சத்தம் பந்து மாதிரி அடிச்சுக்கறது அது. அந்த வால் கேட்டா ஒரு சுவரையாவது மூடணும், இல்லைன்னா ரூமை விட்டுடணும்.

மூணாவது, ஒவ்வொரு நோட்டா வாசிக்கறது. ஆறாவது ஸ்ட்ரிங்ல ஓப்பன்ல இருந்து 12ஆவது ஃப்ரெட் வரைக்கும், ஒரே பலத்துல. வேவ்ஃபார்மைப் பாருங்க. ஒரு நோட்டு மட்டும் மலை மாதிரி நின்னா அது ரூம். உட்காரும் இடத்தை ரெண்டு அடி மாத்தி மறுபடி பாருங்க.

நாலாவது, வாசிச்சுக்கிட்டே நடக்கறது. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிட்டு, நீங்க ஒரு காதை மூடிக்கிட்டு மைக் இருக்கப் போற உயரத்துல கேளுங்க. ஒரு காதை மூடினா மூளை உங்களுக்குச் செய்யற உதவி பாதி போயிடும். மைக் கேட்கறதுக்குக் கொஞ்சம் கிட்ட வந்துடுவீங்க.

ரூம்குள்ள எங்க உட்காரணும்

நட்ட நடுவுலயும் வேணாம், மூலையிலயும் வேணாம். மூலையில பேஸ் எல்லாம் குவியும். நடுவுல சில பேஸ் காணாமலே போகும். நாங்க 13 அடி நீளத்துல ஒரு சுவர்ல இருந்து நாலரை அடி தள்ளி உட்கார வெச்சோம்.

மைக் பார்க்கற திசையில, அதாவது வாசிக்கறவரோட முதுகுக்குப் பின்னாடி, மெத்துன்னு ஏதாவது இருக்கணும். எங்களுக்கு அது கதவு திறந்து வெச்ச பீரோ, உள்ள அம்மாவோட புடவை. முன்னாடி கட்டில். டைல்ஸ் தரையில ஒரு ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போட்டோம். மைக், கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்தைப் பார்த்து 35 செ.மீ. தூரத்துல.

சில சின்ன விஷயம் பெரிசா மாட்டும். பீரோ மேல இருந்த ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் கூட சேர்ந்து "ஙீ"ன்னு பாடுச்சு. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். மடக்கு நாற்காலி கிறீச்சிடும், கை வெக்கற நாற்காலி கிட்டார்ல இடிக்கும், ஒரு மர ஸ்டூல் போதும். ஏசியை நிறுத்தினா சூடு மாறி ட்யூனிங்கும் மாறும். அதனால கிட்டாரை அந்த ரூம்லயே கொஞ்ச நேரம் வெச்சுட்டு, அப்புறம் ட்யூன் பண்ணுங்க.

பிஜி ஹாஸ்டல்ல ஒரே ரூம்தான்னா? நாலு பேர் மெத்தையும் துணியும் இருக்கற ரூம் நீங்க நினைக்கற அளவுக்கு மோசமில்லை. ரூம்மேட் இல்லாத நேரத்தைப் பிடிங்க. வெறும் சுவர்னா கொடி கட்டி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி கனமான போர்வையைத் தொங்கவிடுங்க. சுவரோட ஒட்டிப் போடறதை விட அந்த இடைவெளி நல்லா வேலை செய்யும்.

மதியம் 2.30

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை, அப்பாவைத் திரும்ப உட்கார வெக்கறது சுலபமா இருக்கல. "அதான் பார்த்தோமேடா"ன்னார். "அப்பா, போன தடவை தப்பு உங்க மேல இல்லை. ரூம் மேல. ஒரே ஒரு தடவை உட்காருங்க"ன்னேன். நம்பலை. இருந்தாலும் வந்தார்.

எல்லா டெஸ்ட்டையும் நானே முன்னாடி வாசிச்சு முடிச்சு, மைக் நிக்கற இடத்துல டேப் ஒட்டி வெச்சிருந்தேன். அவரோட விரல்ல இருக்கற 15 நிமிஷம் மைக்கை நகர்த்தறதுல போகக்கூடாது. ஃபேனை நிறுத்தினோம். மூணு நிமிஷம் வாசிப்பு, ஃபேன் போட்டுக் கொஞ்சம் ஓய்வு, திரும்ப மூணு நிமிஷம். அம்மா ஃபிரிட்ஜ் ஸ்விட்சையே அணைச்சுட்டு ஹால்ல அசையாம உட்கார்ந்திருந்தாங்க. 3 டேக்தான்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு முழுசும் கேட்டார். ஒண்ணும் சொல்லலை. திரும்ப முதல்ல இருந்து கேட்டார். அப்புறம், "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி கார்டு மாத்தறது கொஞ்சம் லேட்டா வருது. என் தப்புதான். நாளைக்கு இதே நேரம் அதை மட்டும் திரும்ப வாசிக்கறேன், எடுத்துடறியா?"ன்னார்.

போன தடவை தன் கை போச்சுன்னு எழுந்து போன மனுஷன். இந்தத் தடவை எந்த இடத்துல என்ன தப்புன்னு அவருக்கே தெளிவாக் கேட்டுச்சு. மறுநாள் எடுத்தோம். எபிசோடோட கடைசியில அதைத்தான் போடப் போறேன், அவர்கிட்ட கேட்டுட்டேன்.

உங்க வீட்டுலயும் யாராவது வாசிக்கறவங்க, பாடறவங்க இருந்தா, மைக் வாங்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த வாரமே ஒவ்வொரு ரூமா போய்க் கைதட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.

[அப்பாவின் கிட்டார், 3 நிமிடம்]